மீதி வாக்கியம்

போன வாரம் தபாலில் ஒரு நினைவு மலர் வந்தது. வழவழப்பான தாள், நாற்பத்தெட்டுப் பக்கம். முன்னட்டையில் மாலை போட்ட படம். பின்னட்டையில் படம் இல்லை. நடுவில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம், அதற்கு இரண்டு பக்கமும் சிவப்பு மையில் மேற்கோள் குறிகள்.

“பூராவும் எழுதினா யாரு மேலயும் குத்தம் நிக்காதுங்க.”

கீழே இறந்தவரின் பெயர். இதுவரை மூன்று பேர் எனக்குப் போன் செய்து அந்த வரியைப் பாராட்டிவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னது: “எத்தனை பெரிய மனசுங்க! ஒருத்தன் கதைய முழுசாத் தெரிஞ்சுக்கிட்டா அவன் மேல கோபமே வராதுங்கறத ஒரே வரியில சொல்லிப்போட்டாரு பாருங்க.” அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அந்த வரி என் நாட்குறிப்பிலிருந்து போனது. நான் அனுப்பியது ஒரு பக்கம். அச்சில் வந்தது ஒரு வரி. மீதியை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லப்போவதில்லை. மில்லில் எல்லோரும் அழைத்தபடி ஆபீசர் என்றே எழுதுகிறேன்.

சிங்காநல்லூருக்குக் கிழக்கே இருந்த ஒரு நூற்பாலையில் அவர் லேபர் ஆபீசர். நான் அவருக்குக் கீழே பதினான்கு வருடம் குமாஸ்தா. வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். கூட்டுகிறவரையும் ‘வாங்க போங்க’ என்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கையில் ரப்பர் பேண்ட் போட்ட நீளமான நோட்டு.

யார் எது சொன்னாலும், “ஒரு நிமிஷமுங்க” என்று நோட்டைத் திறப்பார். நீலப் பேனாவால் எழுதுவார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, “இப்படித்தானுங்களே சொன்னீங்க?” என்பார். ஆமாம் என்றால் சிவப்புப் பேனாவைத் திறந்து முன்னால் இரண்டு கோடு, பின்னால் இரண்டு கோடு போடுவார். சிவப்புப் பேனாவுக்கு வேறு வேலையே கிடையாது.

தன் கருத்தாக அவர் எதையும் சொன்னதில்லை. சஸ்பெண்ட் ஆர்டரை நீட்டும்போதும், “நான் சொல்லலீங்க” என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு யார் சொன்னது என்று சொல்வார். எல்லாவற்றையும் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள்.

ஒரு முறை கேன்டீன் மாஸ்டர் தட்டோடு வந்து நின்றார்.

“ஏனுங் சார், பொங்கல்ல உப்பு சரியா இருக்குதுங்களா?”

“ஸ்பின்னிங் மாஸ்டரு நல்லாருக்குன்னாருங்க.”

“அவரு கெடக்கட்டுமுங்க. நீங்களுந்தான தின்னுட்டு இருக்கறீங்க, உங்க நாக்கு என்னங்க சொல்லுது?”

“கார்டிங் பிரிவு ஆளுங்க கொஞ்சம் கம்மின்னாங்க.”

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். “போச்சாது போ, சாருக்கு நாக்கே இரவலாட்ட இருக்குது!”

கேன்டீனே சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “ஒரு நிமிஷமுங்க” என்று நோட்டைத் திறந்தார். இரண்டு மாதம் கழித்து, கேன்டீன் சுத்தமாக இல்லை என்று மாஸ்டருக்கு ஒரு மெமோ போனது. அதன் இரண்டாவது பத்தியில், அதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்கு ஆதாரமாக, நாக்கு இரவல் என்ற அந்த வார்த்தை குறிகளுக்குள் இருந்தது. கேன்டீன் சிரித்தது அதில் இல்லை. அவர் சிரித்ததும் இல்லை. அந்த மெமோவை டைப் செய்தவன் நான்.

நானும் ஒரு நோட்டுக்காரன். பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, நேரம், யார், எங்கே, என்ன சொன்னார்கள். இதனாலேயே ஆபீசருக்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிக் கோபமாக எழுதுவது நியாயமில்லை.

என் மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டு நாள் லீவு கேட்டு நின்றேன். ஆபீசர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். பொறுமையாகப் புரட்டினார்.

“போன ஆடி மாசம் நீங்க ஒண்ணு சொன்னீங்க. ‘ஆடிட் நேரத்துல லீவு கேக்கறவன் குமாஸ்தாவே இல்லீங்க சார்.’ இப்ப ஆடிட் நேரமுங்க. நான் சொல்லலீங்க. நீங்க சொன்னது.”

சொன்னேன்தான். பக்கத்து நாற்காலிக்காரன் லீவில் போனபோது, ஆபீசரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகச் சொன்னது. குறிகளுக்குள் என் வாயிலிருந்து வந்த வார்த்தை, ஒரு எழுத்துப் பிசகாமல். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி தனியாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அன்றைய என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “சார் காட்டியது சரியான மேற்கோள்.” அந்த வரியை இப்போது படித்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்னொரு நாள் ஓர் அம்மா வந்தார். கணவர் மில்லில் வேலை பார்த்து இறந்துபோனவர். அந்த இடத்தில் தனக்கு வேலை கேட்டார். ஆபீசர் எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு பழைய நோட்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார்.

“உங்க ஊட்டுக்காரரு ஒருக்கா எங்கிட்ட சொன்னதுங்க அம்மணி. ‘என்ற பொண்டாட்டி மில்லு வாசப்படி மிதிக்கறதுல எனக்கு இஷ்டமில்லீங்க.’”

“அது எங்களுக்குள்ள ஒரு சண்டைங்க சார். அன்னிக்குக் கோவத்துல சொல்லியிருப்பாருங்க.”

“கோவமுன்னு நோட்டுல இல்லீங்களே.”

இறந்த மனிதர் தன் வாயாலேயே தன் மனைவியை வெளியே அனுப்பினார். ஆபீசர் கதவு வரை போய் வழியனுப்பினார்.

அடுத்தவர் வார்த்தையை அவர் பேரிலேயே எடுத்துச் சொல்லும் பழக்கம் எதற்காக வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைக்கப் போனால் பத்திரிகையை நீட்டினால் மட்டும் போதாது. வீட்டுப் பெரியவர் வரமுடியாவிட்டால் அவருடைய வார்த்தையைக் கொண்டுபோக வேண்டும். “அப்பாவுக்குக் கால் முடியலீங்க. ‘நானே வந்து கூப்பிட்டதா நெனச்சு எல்லாரும் வந்துபோடோணும்’னு சொல்லச் சொன்னாருங்க.” கேட்கிறவர்கள் வந்தவனுக்குப் பதில் சொல்லமாட்டார்கள். “கண்டிப்பா வாரோமுன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க” என்று வராதவருக்குத்தான் சொல்வார்கள். கால் முடியாத அந்த மனிதர் அங்கே ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி இருக்கும். பழைய கோயில் கல்வெட்டுகளில் சாட்சி சொன்னவர்கள் ‘இவை என் எழுத்து’ என்று தங்கள் பெயரோடு நிற்கிறார்கள். மேற்கோள் குறி அச்சோடு பின்னால் வந்தது. அதற்கு முன் யார் சொன்னது, யாரிடம், எதற்காக என்பதெல்லாம் வார்த்தையோடு சேர்ந்தே பயணம் செய்தன. இல்லாதவருக்கு ஓர் இடம் போட்டுத் தருகிற பழக்கம் அது. ஆபீசர் அதை வைத்து எதிரில் நிற்கிறவரின் இடத்தைப் பிடுங்கினார்.

இனி புஷ்பத்தைப் பற்றி.

புஷ்பம் வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்காநல்லூர் வந்தவர். மில்லில் பஞ்சுப் பட்டையை உருளைகளால் இழுத்து நீட்டும் டிராயிங் பிரிவில் ஒன்பது வருடம் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, புது அடையாள அட்டைகளைக் கொடுக்க நான் அந்தப் பிரிவுக்குப் போயிருந்தேன். பத்தடி தூரத்தில் ஓர் அலறல். சாந்தாமணி என்ற பெண்ணின் வலது கை மெஷினின் இரண்டு உருளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. உருளைகளின் மேல் இருக்கவேண்டிய மூடி அன்று இல்லை. மெஷினை உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கை வெளியே வரவில்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “ஃபிட்டர் வாரட்டும், அதுவரைக்கும் ஆரும் தொடாதீங்க!” ஃபிட்டர் மில்லின் இன்னொரு கோடியில் இருந்தார். புஷ்பம் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து உருளைக்கு அடியில் கொடுத்து நெம்பினார்.

“ஏ புள்ள, மெஷின் போயிரும்!”

புஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை. நெம்பிக்கொண்டே சொன்னார்: “மெஷின் போனாப் போகுதுங்க, அக்கா கை போனா நீங்க தருவீங்களா?”

உருளை எழும்பியது, கை வந்தது. பற்சக்கரம் ஒன்று உடைந்தது. சாந்தாமணிக்கு இரண்டு விரல் எலும்பு முறிந்ததோடு போயிற்று. கை மிஞ்சியது.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க பக்கத்துல நின்னீங்களாமா. புஷ்பம் சொன்னத ஒரு எழுத்து மாறாமச் சொல்லுங்க. உங்களத்தான் நம்ப முடியும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. முழுவதையும் சொன்னேன். அவர் முழுவதையும் நீலத்தில் எழுதி, முழுவதையும் படித்துக் காட்டினார். “இப்படித்தானுங்களே?” ஆமாம் என்றேன். சிவப்புப் பேனா திறந்தது. முன்னால் இரண்டு கோடு. பின்னால் போடவேண்டிய இரண்டு கோட்டை அவர் ‘போகுதுங்க’ என்பதற்குப் பக்கத்தில் போட்டார். மீதி வாக்கியம் குறிகளுக்கு வெளியே நின்றது. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து நான் அதைப் பார்த்தேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மாடி அறையில் விசாரணை. குற்றச்சாட்டு, மெஷினை வேண்டுமென்றே சேதப்படுத்தியது. குற்றச்சாட்டை எழுதியவர் ஆபீசர். விசாரித்தவரும் ஆபீசர். நடந்ததைப் பதிவு செய்தவன் நான்.

“அம்மணி, ‘மெஷின் போனாப் போகுதுங்க’ன்னு நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க. ஆனா அதோட...”

“சொன்னீங்களா, இல்லீங்களா?”

“சொன்னேனுங்க சார். எதுக்குப் பொய் சொல்லோணும்? அந்த அக்கா கை உள்ள கெடக்குது, அப்ப...”

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “சொன்னேன்னாங்க. எழுதிக்குங்க.”

நான் எழுதினேன்: “மேற்கண்ட வார்த்தைகளைக் கூறியது உண்மை என ஒப்புக்கொள்கிறேன்.” இது விசாரணைத் தாள் எழுதும் முறை. பதில் சொல்கிறவரே பேசுவது மாதிரி எழுத வேண்டும். புஷ்பத்திடம் கொடுத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

“இது ஆருங்க பேசறது?”

“நீங்கதானுங்க அம்மணி” என்றார் ஆபீசர்.

“நானு இப்படிப் பேசமாட்டனுங்களே.” புஷ்பம் என்னைப் பார்த்தார். “ஏனுங்கண்ணா, நீங்களும் அங்கதான நின்னீங்க?”

நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே திருகிய மூடி.

புஷ்பம் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, “சொன்னது என்னமோ நெசந்தான்” என்று கையெழுத்துப் போட்டார். பொய் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே தப்பித்திருப்பார். பத்து நாளில் வேலை போயிற்று. சாந்தாமணியை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

புஷ்பம் எழுந்துபோன பிறகு, அன்று மாலை, நான் ஆபீசர் அறைக்குப் போய் ஒரு கேள்வி கேட்டேன். பின்னட்டை வரி அப்போது வந்தது. அதைக் கடைசியில் வைக்கிறேன்.

நான்கு வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, அன்னூர் பஸ் ஸ்டாண்டில் புஷ்பத்தைப் பார்த்தேன். அங்கேயே தையல் கடை ஒன்றில் பட்டன் கட்டுவதாகச் சொன்னார். கையில் சட்டைகள் திணித்த பை.

“வேற மில்லுக எதுலயும் பாக்கலீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பாக்காம என்னங்கண்ணா? ஆறு மில்லுக்குப் போனேன். வாசல்லயே கேட்டுப்போடறாங்க, ‘மெஷின் போனாப் போகுதுன்ன ஆளு நீதான?’ன்னு. எம்பேரு கூட ஒருத்தருக்கும் தெரியலீங்க. அந்த வார்த்தை மட்டும் எனக்கு முன்னாலயே பஸ்ஸேறிப் போயிருக்குது.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன். “நீங்க சொன்னத நான் அன்னிக்கே பூராவும் எழுதி வெச்சிருக்கறேனுங்க.”

“பூராவுமா?”

“பூராவும். அக்கா கைன்னு சொன்னது வரைக்கும்.”

“எங்கீங்க வெச்சிருக்கீங்க?”

“ஊட்டுல. பீரோவுல.”

புஷ்பம் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “நல்லதுங்கண்ணா. செல்லு அரிச்சுப்போடாமப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆபீசரின் மகன் போன் செய்தார். “அங்கிள், அப்பாவுக்கு ஒரு மலர் போடறோமுங்க. அவரு அடிக்கடி சொல்றது எதாச்சும் ரெண்டு வரி வேணும். நீங்கதான் டைரி எழுதறவராச்சே.”

பீரோவைத் திறந்தேன். பதினான்கு வருடத்து நாட்குறிப்புகளை ஒரு வாரம் படித்தேன். ஆபீசர் சொன்னதாக நான் எழுதியிருந்த ஒவ்வொன்றும் இன்னொருவர் சொன்னது. மாஸ்டர் சொன்னது, மானேஜர் சொன்னது, செத்தவர் சொன்னது, நான் சொன்னது. சொந்தமாக, யார் பேரையும் முன்னால் நிறுத்தாமல், அவர் பேசிய இடம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அந்தப் பக்கத்தை முழுவதும் நகல் எடுத்து அனுப்பினேன். முழுவதும் போடுங்கள், இல்லையென்றால் போடவேண்டாம் என்று ஒரு குறிப்பும் வைத்தேன்.

மலர் வந்த அன்று ஆபீசரின் மகனுக்குப் போன் செய்தேன்.

“எடம் பத்தலீங்க அங்கிள். அந்த ஒரு வரியே நிறைவா இருந்துச்சு, எடுத்துக்கிட்டோமுங்க.”

“மீதியப் படிச்சீங்களா தம்பி?”

“படிச்சேனுங்க.”

“படிச்சுமா?”

“அப்பா வார்த்தைல ஒரு எழுத்துக்கூட நாங்க மாத்தலீங்களே, அங்கிள்.”

மாற்றவில்லைதான். அந்த வீட்டில் யாரும் எதையும் மாற்றமாட்டார்கள். எங்கே குறியை மூடுவது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

மீதி வாக்கியத்தை மட்டும் இங்கே கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது. அவர் பேசியதோடு முடித்தால் என் பெயர் அவ்வளவாகக் கெடாது. ஆனால் அப்படிச் செய்தால் சிவப்புப் பேனா இப்போது என் கையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பக்கத்தை, எழுதியபடியே, கடைசி வரி வரைக்கும் தருகிறேன். இதன் ஒரு பிரதி அன்னூருக்கும் போகிறது.

வியாழக்கிழமை. மாலை ஐந்து பத்து. ஆபீசர் அறை.

நான்: சார், புஷ்பம் சொன்னதுல பாதி விட்டுப்போச்சுங்க. ‘அக்கா கை போனா நீங்க தருவீங்களா’ன்னும் சொன்னாங்க. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனுங்களே.

ஆபீசர்: சொன்னீங்க. எழுதியும் வெச்சிருக்கறேன்.

நான்: அதையும் சேத்துப்போட்டா என்னங்க சார்?

ஆபீசர்: பூராவும் எழுதினா யாரு மேலயும் குத்தம் நிக்காதுங்க. யாரு மேலயாச்சும் நிக்கோணுமில்லீங்களா? அந்தப் புள்ள மேல நிக்கலீன்னா, மூடி இல்லாத மெஷின ஓட்டவுட்டவங்க மேல நிக்கும். மாசா மாசம் எல்லா மெஷினுக்கும் மூடி இருக்குதுன்னு ஒரு ரிஜிஸ்டர் எழுதறோமே, அதுல என்ற கையெழுத்துக்குக் கீழ உங்க கையெழுத்துத்தானுங்க இருக்குது.

நான்: சரிங்க சார்.